பழைய டிராக்டருக்குப் புதிய குதிரைகள்

கொல்லிமலையின் மேற்பரப்பில், வாசலூர்பட்டியைச் சூழ்ந்த சிற்றூர்களில், பழைய சிறு டிராக்டர்கள் சில இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வாங்கிய கடன் என்றோ அடைபட்டுவிட்டது, வர்ணம் உதிர்ந்துவிட்டது, மீட்டர் முள் அசைவதில்லை. முப்பத்தைந்து குதிரைத்திறனோ அதற்கும் குறைவோ உள்ள இவ்வண்டிகளை நம்பியே பல குடும்பங்களின் மரவள்ளியும் சாமையும் விதைப்புக்கு வருகின்றன. இவற்றை இகழ்வார் கூட்டத்தில் நாம் இல்லை. கடனில்லாத பழைய இயந்திரம், தவணை தவறிய புதிய இயந்திரத்தைக் காட்டிலும் உழவனுக்கு நல்ல துணை என்பது கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பழகிய நம் எண்ணம்.

ஆயினும் அண்மைக் காலமாக நம் மேசைக்கு வரும் கடன் மனுக்களில் ஒரு புதிய இனம் தலைகாட்டுகின்றது. "எஞ்சின் திறன் கூட்டும் வேலை" என்பது அதன் பெயர். அடிவாரத்துப் பட்டறைகளில் இவ்வேலை செய்யப்படுகின்றதாம். முப்பத்தைந்தை நாற்பதாக்கித் தருவதாக வாய்மொழி உறுதியும் கிடைக்கின்றதாம். ஒன்பது கொத்துக் கலப்பையை இழுக்கத் திணறும் வண்டி, பட்டறைக்குப் போய் வந்தபின் சிங்கம்போல் உறுமுகின்றது என்று மனுதாரர் ஒருவர் நம்மிடம் மகிழ்ந்துரைத்தார். "புகை கறுப்பாய் வந்தால்தானே ஐயா, உள்ளே எரிகிறது என்று பொருள்?" என்று அவர் வினவியபோது, அவர் அறியாமையை நாம் நகைக்கவில்லை, கூலி வாங்கிக்கொண்டு அவரை அவ்வாறு நம்பவைத்தவர்மீதே வருத்தம் உண்டாயிற்று.

இத்தகைய மனுக்களுக்குச் சங்கம் கடன் வழங்கலாகாது என்பது நம் கருத்து. இதனை அதிகாரமாகச் சொல்லி நிறுத்துவது முறையன்று. ஆதலின் காரணத்தை விளக்குவோம்.

பட்டறையில் நிகழ்வது யாது? டீசல் பம்பின் முத்திரையை உடைக்கின்றனர். ஒரு வீச்சில் செல்லக்கூடிய எண்ணெயின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகு ஒன்று அங்குளது. அதனைச் சிறிது திருப்புகின்றனர். அத்துடன் கவர்னரின் எல்லையையும் சற்றே உயர்த்தி, எஞ்சின் சுழலும் வேகத்தைக் கூட்டுகின்றனர். வேலை அவ்வளவே. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

டீசல் தானே எரிவதில்லை. காற்றோடு கலந்தே எரிகின்றது. ஒரு பங்கு எடையுள்ள டீசல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.5 பங்கு எடையுள்ள காற்று வேண்டும் என்பது வேதியியல் கணக்கு. எஞ்சினுக்குள் காற்றும் எண்ணெயும் முழுமையாகக் கலக்க நேரமில்லாமையால், புகையின்றி எரிய நடைமுறையில் 20 பங்கு வரை தேவைப்படுகின்றது. ஒரு லிட்டர் டீசலை ஒழுங்காக எரிக்க 14 கன மீட்டர் காற்று வேண்டுமென்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சிறு அறை நிறையக் காற்று! திருகைத் திருப்பினால் எண்ணெய் கூடும்; காற்று கூடுவதில்லை. சிலிண்டரின் கொள்ளளவு அன்று போலவே இன்றும் உள்ளது. கூடுதலாகச் சென்ற எண்ணெயில் ஒரு பகுதி எரியாமல் கரியாகி வெளியேறுகின்றது. மனுதாரர் கண்டு மகிழ்ந்த கறுப்புப் புகை, அவர் பணம் கொடுத்து வாங்கிய டீசலே.

சமவெளியில் இவ்வேலையால் சிறிதளவு திறன் கூடுவது உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. புகை எழும் எல்லைக்கு உட்பட்டே கம்பெனியார் அளவை நிறுத்தி வைப்பதால், கொஞ்சம் இடம் இருக்கும். ஆனால் நாம் பேசுவது சமவெளியைப் பற்றியன்று. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்த பின் காணும் மேல்நாட்டைப் பற்றிப் பேசுகின்றோம். இங்கு நிலம் கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்துள்ளது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்குப் பதினொன்று அளவு குறைவு. மலையின் குளிர்ச்சி இக்குறையைச் சற்று ஈடுசெய்யும். அதைக் கழித்தாலும் நாமக்கல் சமவெளியோடு ஒப்பிட நூற்றுக்கு எட்டுக்குக் குறையாத இழப்பு நிற்கின்றது. அடிவாரத்தில் 35 குதிரைத்திறன் தந்த எஞ்சின் வாசலூர்பட்டியில் 32 அளவே தரும். இது எஞ்சினின் குற்றமன்று, மலையின் இயற்கை.

இங்கேதான் வேடிக்கை. பழைய டீசல் பம்புக்குத் தான் மலைமேல் இருப்பது தெரியாது. அடிவாரத்தில் எவ்வளவு எண்ணெய் அனுப்பிற்றோ அவ்வளவையே இங்கும் அனுப்புகின்றது. காற்றோ குறைந்துவிட்டது. ஆகவே எவரும் கை வைக்காத நிலையிலேயே மலையில் இவ்வண்டி, தேவைக்கு மிஞ்சிய எண்ணெயில்தான் ஓடுகின்றது. உயர்ந்த இடத்தில் வேலை செய்யும் எஞ்சினுக்கு எண்ணெய் அளவைக் குறைப்பதே பொறியாளர் கைக்கொள்ளும் வழக்கம். நம் அங்கத்தினரோ கூட்டிக் கொடுக்கப் பணம் செலவிடுகின்றனர்.

இதன் விளைவு புகையோடு முடிவதில்லை. மிகையான எண்ணெய் எரிவதால் சிலிண்டருக்குள் வெப்பம் ஏறுகின்றது. பிஸ்டனின் தலையும் வெளிப்போக்கு வால்வும் கருகுகின்றன. எரியாத கரி லைனர் வழியே இறங்கி மசகெண்ணெயில் கலந்து அதனைக் கூழாக்குகின்றது. கவர்னரில் கை வைத்ததன் தீங்கு இன்னும் பெரிது. நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழல அமைந்த எஞ்சினை 2,300 சுற்றுக்கு ஓட்டினால் வேகம் நூற்றுக்குப் பதினைந்துதான் கூடுகின்றது. ஆனால் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கவேண்டிய இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், நூற்றுக்கு முப்பத்திரண்டு கூடிவிடுகின்றது. முப்பது ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த ஒரு ராடின் தலையில் ஏற்றும் சுமை இது.

நெசவாள அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவு இழை அறுந்துகொண்டேயிருக்கும் தறியில் மிதியை விரைவுபடுத்தினால் துணி நீளுமா? முடிச்சுகளே பெருகும்.

அப்படியானால் வண்டி இழுக்கத் திணறுவது பொய்யா? பொய்யன்று. பழைய டிராக்டரில் பெரும்பாலும் திறன் போதாமல் இல்லை. இருந்த திறன் போய்விட்டது. போன இடத்தைத் தேடிப்பிடிப்பதே நாம் செய்யத்தக்க வேலை. முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்கவேண்டும். இவ்வண்டிகளில் பல எண்ணெய்த் தொட்டி வகை ஏர் ஃபில்டர் உடையவை. கோடை உழவில் செம்மண் புழுதி அத்தொட்டியில் சேறாகப் படிகின்றது. நாள்தோறும் வேலை முடிந்ததும் திறந்து பார்க்கவேண்டிய இத்தொட்டியை மாதக்கணக்கில் திறவாதாரும் உளர். காற்று ஏற்கெனவே மெலிந்த மலையில் மூக்கையும் அடைத்துக்கொண்டு ஓடச் சொன்னால் எந்த எஞ்சின் ஓடும்? ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் கேடு வேறு வகையானது. வடிகட்டாத புழுதி நேரே உள்ளே சென்று லைனரையும் ரிங்கையும் அரத்தால் அராவுவதுபோல் தேய்த்துவிடும். ஒரு குழாய்க்கும் இரண்டு கிளிப்புக்கும் ஆகும் செலவைத் தவிர்த்து, முழு எஞ்சின் வேலைக்குக் கடன் கேட்ட மனு ஒன்றை நாம் கண்டதுண்டு.

அடுத்தது நாசில். எண்ணெயைப் பனிபோல் தூவவேண்டியது அதன் கடமை. தேய்ந்த நாசில் சொட்டுச் சொட்டாக ஒழுக்குகின்றது. அழுத்தமானி பொருத்திய சிறு கைப்பம்ப் ஒன்றில் நாசிலை மாட்டி அடித்துப் பார்த்தால், அது எந்த அழுத்தத்தில் திறக்கின்றது, தூவுகின்றதா ஒழுக்குகின்றதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். டேப்பெட் இடைவெளியும் எண்ணெய் பாயும் நேரமும் கம்பெனிக் கையேட்டின்படி உள்ளனவா என்று பார்ப்பதும் பெரிய வித்தையன்று. பல பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர், எஞ்சின் சூடாகாது என்று. கொல்லிமலையின் மார்கழிக் காலையில் அவ்வெஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி எண்ணெயை வீணாக்குகின்றது. கிளட்ச் நழுவுதல், பிரேக் பிடித்துக்கொண்டு விடாமை ஆகியன எஞ்சினில் சேர்ந்தவையல்ல. எனினும் பழி எஞ்சின்மேலேயே விழுகின்றது.

புகையின் நிறத்தைக் கொண்டு ஓரளவு நோயறியலாம். கறுப்பு, காற்றுக் குறைவையோ எண்ணெய் மிகுதியையோ காட்டும். நீலம், மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். ரிங்கையும் லைனரையும் பார்க்கவேண்டும். வெள்ளை, எரியாத டீசலையோ உள்ளே கசியும் நீரையோ குறிக்கும். காலையில் முதன்முதலாக ஓட்டும்போது சிறிது நேரம் தோன்றும் வெண்புகையைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை.

எஞ்சின் செம்மையுற்ற பின்னும் வண்டி இழுக்கவில்லையெனில் கண்ணைச் சக்கரத்தின்பால் திருப்பவேண்டும். எஞ்சின் தரும் திறனில் இளகிய மண்ணில் கலப்பைக்குச் சென்று சேர்வது பாதிக்குச் சற்று மேற்பட்டதே. மீதி டயரின் வழுக்கலிலும் உருளலிலும் மறைகின்றது. வழுக்கலை அளக்கக் கருவி ஒன்றும் வேண்டா. பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடிட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓட்டி, சென்ற தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பை மண்ணில் இறங்கிய நிலையில் அதே பத்துச் சுற்றை அளவுங்கள். முன்னது 40 மீட்டரும் பின்னது 34 மீட்டருமானால் வழுக்கல் நூற்றுக்குப் பதினைந்து. இது பொறுக்கத்தக்கது. 28 மீட்டரே வந்தால் நூற்றுக்கு முப்பது. எரிக்கும் டீசலில் கணிசமான பகுதி டயரைத் தேய்க்கவே செலவாகின்றது என்று அறியலாம். இந்நிலையில் எஞ்சினுக்கு இன்னும் ஐந்து குதிரைகளைக் கொடுத்தால் அவ்வைந்தும் சேர்ந்து சக்கரத்தை இன்னும் விரைவாக வழுக்கச் செய்யும்.

இதற்கு மருந்து, தேயாத டயரும் சரியான காற்றழுத்தமும் பின்சக்கரத்தின்மேல் போதிய எடையும் ஆகும். இவ்வளவுடைய வண்டியின் பின் டயர் ஒவ்வொன்றும் நூறு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். டியூபில் முக்கால் பங்கு நீர் நிரப்பினால் இரண்டு குவிண்டாலுக்கு மேல் எடை சேர்கின்றது; செலவு, தண்ணீர் இறைக்கும் சிரமமே. இரும்பு எடைகளும் கிடைக்கின்றன.

சிறு டிராக்டரின் வரலாறே எடையைப் பற்றிய வரலாறுதான். அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்பார் பெரிய எஞ்சினைத் தேடவில்லை. கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு பிணைத்து, மண் கடினப்படும்போது ஹைட்ராலிக் தானே கலப்பையைச் சற்றுத் தூக்கி, அதன் சுமையைப் பின்சக்கரத்தின்மேல் மாற்றும் அமைப்பைக் கண்டார். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் உருவான அவருடைய டி.இ.20 டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. முப்பது குதிரைத்திறனை எட்டாத எஞ்சினுடன் அவை தம்மினும் கனத்த வண்டிகளின் வேலையைச் செய்தன. 1960இல் சென்னையில் நிறுவப்பெற்ற டாஃபே கம்பெனி உருவாக்கிய மாஸ்ஸி ஃபெர்குசன் வண்டிகள் அக்குடும்பத்தின் வழிவந்தவையே. எட்மண்ட் ஹில்லாரி 1958 ஜனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது இந்த டி.இ.20 வண்டிகளில்தான். தென்துருவம் 2,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. நம் மலையினும் இருமடங்குக்கு மேல் காற்று மெலிந்த உயரம். அவர்கள் செய்துகொண்ட முதன்மையான மாற்றம் சக்கரங்களுக்குச் சங்கிலித் தடம் பூட்டியது. பிடிமானத்தைத் தேடினார்கள், பனியில் அது கிடைத்தது.

நம் உழவர்களில் எத்துணைப் பேர் அந்த ஹைட்ராலிக் அமைப்பின் நெம்பை உழவுக்கேற்ற நிலையில் வைத்து ஓட்டுகின்றனர் என்று கேட்க விழைகின்றோம். கலப்பையை ஒரே மட்டத்தில் நிறுத்தி ஓட்டுவதே பழக்கமாகிவிட்டது. ஃபெர்குசன் தந்த வரத்தைப் பெட்டியில் பூட்டிவைத்தது போலாகும் இது. கூர் மழுங்கிய கொழு, காய்ந்து இறுகிய மண், தேவைக்கு மிஞ்சிய ஆழம் ஆகிய மூன்றும் வேறு சேர்கின்றன. மழைக்குப் பின் பதம் பார்த்து உழுதால் பாதிச் சிரமம் நீங்கும். ஒன்பது கொத்துக்கு மாறாக ஐந்து கொத்துப் பூட்டி உழுபவரை அயலார் ஏளனம் செய்கின்றனர் என்றும் கேள்விப்படுகின்றோம். ஏளனம் செய்பவர் டீசலுக்குப் பணம் கொடுப்பதில்லை.

இனி, பட்டறைக்காரர் கூறும் "ஐந்து குதிரை" எங்கிருந்து வந்தது? 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்துவது ஒரு குதிரைத்திறன். இதனை அளக்கத் தக்க கருவி வேண்டும். காதால் கேட்டு அளக்கமுடியாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோஜியர் என்னும் உழவர் 'ஃபோர்டு' என்ற பெயரைப் பார்த்து டிராக்டர் ஒன்றை வாங்கினார். அக்கம்பெனிக்கும் புகழ்பெற்ற ஹென்றி ஃபோர்டுக்கும் தொடர்பே இல்லை. வண்டியும் சொன்ன வேலையைச் செய்யவில்லை. குரோஜியர் மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்தபின், பரிசோதித்து உறுதி செய்யாத டிராக்டரை விற்கலாகாது என்னும் சட்டம் 1919இல் அங்கு நிறைவேறியது. மறு ஆண்டே சோதனைகள் தொடங்கின. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955இல் தொடங்கப்பெற்ற மத்திய அரசு நிலையம் இப்பணியைச் செய்துவருகின்றது. இத்தகைய சோதனை அறிக்கைகளில் திறனோடு, சோதித்தபோது இருந்த காற்றின் வெப்பமும் அழுத்தமும் குறிக்கப்படுவதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். காற்றைச் சொல்லாமல் திறனைச் சொல்வதில் பொருளில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பட்டறைக்காரரிடம் அளவுச் சீட்டு ஒன்று கேட்டுப் பாருங்கள்.

எண்ணெயோடு காற்றையும் கூட்டினால் என்ன என்று படித்த இளைஞர் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. அதற்கெனவே டர்போசார்ஜர் உளது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி 1905இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, புதுக் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி அது. மலையில் இழந்த காற்றை மீட்க அதனினும் தக்கது வேறில்லை. ஆனால் அதற்கென்றே வலுவாகச் செய்த பிஸ்டனும் பேரிங்கும் குளிர்விக்கும் அமைப்பும் வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள கியரும் அச்சும் கூடுதல் முறுக்கைத் தாங்கவேண்டும். பழைய சிறு வண்டியில் இதைப் பொருத்துவது, கூரை வீட்டின்மேல் மாடி எழுப்புவது போன்றது. புதிதாக வண்டி வாங்குவோர் இவ்வசதி உள்ளதா எனக் கேட்டு வாங்கட்டும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் மாற்றம் செய்வதைத் தடுக்கின்றது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எழுப்பக்கூடிய ஆட்சேபணையும் இதுவாகலாம். சங்கத்துக்கு ஈடாக உள்ள வண்டியானால், ஈட்டின் மதிப்பைக் குலைக்கும் வேலைக்குச் சங்கமே பணம் கொடுத்ததாக முடியும்.

நிர்வாகக் குழுவினர் சிந்தனைக்கு ஒன்று வைக்கின்றோம். திறன் கூட்டும் வேலைக்குக் கேட்கப்படும் தொகையை மறுப்பதோடு நிற்காமல், நாசில் சோதிக்கும் கைப்பம்ப் ஒன்றைச் சங்கமே வாங்கி வைக்கலாம். உழவுப் பருவத்துக்கு முன் இரண்டு நாள் தேர்ந்த மெக்கானிக் ஒருவரை மலைக்கு வரவழைத்து, அங்கத்தினர் வண்டிகளை வரிசையாகச் சோதிக்கச் செய்யலாம். ஃபில்டர், நாசில், டயர் ஆகியவற்றுக்குச் சிறுகடன் தாராளமாக வழங்கலாம். தேய்ந்த லைனரையும் பிஸ்டனையும் கம்பெனி அளவுப்படியே மாற்றும் வேலைக்கும் வழங்கலாம். ஆண்டில் இரண்டு மூன்று நாள் மட்டும் பெரிய இழுவை தேவைப்படுவோர், வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நன்று. தனித்தனியாக அன்றி, ஓர் ஊரார் சேர்ந்து கேட்டால் இயந்திரம் மலையேறி வருவதும் எளிதாகும்.

இன்னும் ஒன்று உளது. இதுவே நம்மைப் பெரிதும் கவலையுறச் செய்வது. மலைச்சரிவில் டிராக்டர் கவிழ்வது கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்கின்றது. மரக்கட்டையையோ வேரையோ இழுக்கச் சங்கிலியை இழுவைக் கம்பியில் மாட்டாமல் அதற்கு மேலே அச்சிலோ டாப் லிங்கிலோ மாட்டினால், கட்டை அசையாதபோது வண்டியே முன்சக்கரம் தூக்கிப் பின்புறமாகச் சாயும். முறுக்கு கூடிய எஞ்சின் அதனை இன்னும் விரைவாகச் சாய்க்கும். மரவள்ளி ஏற்றிய டிரெய்லர் பின்னிருந்து தள்ள, சரிவில் இறங்கும் வண்டியை நிறுத்துவது எஞ்சினின் குதிரைத்திறனன்று. கீழ் கியரும் பிரேக்கும்தான். நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பதைத் திறமையாகப் பேசிக்கொள்வோரையும் நாம் அறிவோம். டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் என்பதே கிடையாது. எஞ்சின் திறனைக் கூட்டக் கடன் கேட்டு மனுக்கள் வருகின்றன. டிரெய்லருக்குப் பிரேக் பொருத்தக் கடன் கேட்டு ஒரு மனுவும் இதுவரை நம் மேசைக்கு வரவில்லை.